ஆற்றுக்குப் போகுமுன்: உரிமம், உடை, உயிர்க்காப்பு



பள்ளி விடுமுறையோ நீண்ட வார இறுதியோ நெருங்கினால் நம்மவர்கள் பலருக்குக் கை துறுதுறுக்கத் தொடங்கிவிடும். ஈயக் குட்டைகளிலும் செம்பனைத் தோட்டத்து வாய்க்கால்களிலும் விரால், கெளுத்தி பிடித்து வளர்ந்த தலைமுறை அல்லவா நாம்? அன்று மூங்கில் கழியும் மண்புழுவும் போதுமாக இருந்தன. இன்று நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து பணம் போட்டு, படகையும் வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டு, பகாங் தாமான் நெகாராவுக்கோ பேராவின் பெலும் காட்டுக்கோ போய் ஆற்றில் தூண்டில் போட்டு வருகிறார்கள். நல்ல பொழுதுபோக்குதான். உடலுக்கும் மனத்துக்கும் நல்லது. பிள்ளைகளை அழைத்துப் போனால் கைத்தொலைபேசியை மறந்து இரண்டு நாள் இருப்பார்கள்.

ஆனால், இப்படிப் போகிறவர்களிடம் "என்னென்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "அதெல்லாம் படகுக்காரர் பார்த்துக்கொள்வார்."

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைய அங்கத்தில் பேச விரும்புகிறேன். வழிகாட்டிக்கு ஆறு தெரியும். எந்த வளைவில் பாறை இருக்கிறது, எந்த மடுவில் மீன் தங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால், அவருக்கு உங்களைத் தெரியாது. உங்களுக்கு நீச்சல் தெரியுமா, சர்க்கரை நோய் உண்டா, காலில் புண் இருக்கிறதா, பையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரிந்தவை. எனவே பயணத்தின் ஒரு பாதி வழிகாட்டியின் பொறுப்பு, மறு பாதி நம்முடைய பொறுப்பு. அந்த மறு பாதியை உரிமம், உடை, உயிர்க்காப்பு என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

உரிமம்: எந்த ஆறு, யாருடைய சட்டம்?

கடலில் மீன் பிடிப்பதற்கும் ஆற்றில் மீன் பிடிப்பதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. நாடு முழுமைக்கும் 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் இருக்கிறது. ஆயினும் ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளுக்கான விதிகளை அந்தந்த மாநிலமே வகுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரு மாநிலத்தில் கேட்கப்படாத உரிமம் இன்னொரு மாநிலத்தில் கேட்கப்படுகிறது. ஓர் ஆற்றில் திறந்திருக்கும் பகுதி வேறோர் ஆற்றில் மூடப்பட்டிருக்கிறது. "போன வருஷம் அங்கே யாரும் கேட்கவில்லையே" என்பது இந்த வருஷத்துக்குப் பதிலாகாது. புறப்படுமுன் அம்மாநில மீன்பிடி இலாகா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுக்கொள்வதே சரியான வழி.

தேசியப் பூங்காக்கள், மாநிலப் பூங்காக்கள் என்றால் இன்னொரு படி கூடுதல். தாமான் நெகாராவை எடுத்துக்கொள்வோம். 1938, 1939ஆம் ஆண்டுகளில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றி உருவாக்கிய பூங்கா அது. பரப்பளவு 4,343 சதுர கிலோமீட்டர். பெர்ஹிலித்தான் என்று நாம் அழைக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவின் நிர்வாகத்தில் இருக்கிறது. தெம்பிலிங் ஆறும் தஹான் ஆறும் கூடுகின்ற கோல தஹானில் அதன் பகாங் பகுதித் தலைமையகம் உள்ளது. அங்கே பூங்காவுக்குள் நுழைவதற்கான பெர்மிட் தனி, தூண்டில் போடுவதற்கான உரிமம் தனி. ஒன்றை வாங்கியதும் மற்றதும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

உரிமம் கையில் இருந்தாலும் எல்லா இடத்திலும் தூண்டில் போட்டுவிட முடியாது. தஹான் ஆற்றில் உள்ள லுபோக் தெனோர் கெலா மீன்களுக்கான காப்பிடம். அங்கே மீனைப் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது. திரங்கானு கென்யிர் ஏரிப் பகுதியில் உள்ள கெலா காப்பகத்துக்கும் அதே விதிதான். உரிமத்தை வாங்கும்போதே எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எது மூடப்பட்டிருக்கிறது, பிடித்ததை எடுத்துச் செல்லலாமா, ஒருவருக்கு எத்தனை தூண்டில் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேராவில் உள்ள ராயல் பெலும் 2007ஆம் ஆண்டு மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 117,500 ஹெக்டர் காடு. அதைப் பேரா மாநிலப் பூங்காக் கழகம் கவனித்துக்கொள்கிறது. அங்கே நுழைய முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். கெரிக் நெடுஞ்சாலையில் காரை ஓட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய் "பெர்மிட் வாங்கலாம்" என்று நின்றால் ஏமாற்றந்தான் மிஞ்சும். வழிகாட்டி உங்களுக்காக விண்ணப்பம் செய்வதாகச் சொன்னால், ஒவ்வொருவருடைய முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் அவருக்கு நேரத்தோடு கொடுத்துவிடுங்கள். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கடப்பிதழ் விவரத்தைக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்பது 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். தூபா வேரை நசுக்கி ஆற்றில் கலப்பதும் நஞ்சிடுவதுதான். "கிராமத்தில் எப்போதும் செய்வதுதானே" என்று யாராவது சொன்னால், அந்தப் படகில் ஏறாமல் திரும்பிவிடுங்கள். பிடிபட்டால் படகில் இருந்த எல்லாருக்குமே தொல்லை.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டியவை

நம் நாட்டில் சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அமைச்சின் உரிமம் உண்டு. இயற்கைச் சூழல் வழிகாட்டிகள் பச்சை அட்டையும் பொதுச் சுற்றுலா வழிகாட்டிகள் நீல அட்டையும் அணிந்திருப்பார்கள். அட்டையைக் காட்டச் சொல்வது அவமரியாதை ஆகாது. "அபாங், லைசென்ஸ் பார்க்கலாமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டால் முறையாகத் தொழில் செய்கிறவர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டுவார்.

பணம் கட்டுமுன் வேறு சில கேள்விகளுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். கட்டணம் படகுக்கா, ஆளுக்கா? எண்ணெய்ச் செலவு அதில் அடக்கமா? ஒரு படகில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா, சிறுவர் அளவில் உண்டா? தங்குவது கூடாரத்திலா, அறையிலா? சமையல் யார்? தூண்டிலும் இரையும் அவர் கொடுப்பாரா? மழை பெய்து ஆறு பெருகிவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போட முடியுமா, கட்டிய பணம் என்னவாகும்?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். பணம் போய்விடுமே என்ற எண்ணத்தில்தான் பலர் பெருகும் ஆற்றில் படகேறுகிறார்கள். "ஆறு சரியில்லை என்று நீங்கள் சொன்னால் நாங்கள் திரும்பிவிடுவோம்" என்று முதலிலேயே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் அவருக்கும் இருக்கும். அந்தத் தயக்கத்தை நாம்தான் போக்க வேண்டும்.

உடை: வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

தொலைக்காட்சியில் அமெரிக்க, ஐரோப்பிய ஆறுகளில் தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மார்புவரை வருகின்ற ரப்பர் காற்சட்டை அணிந்து இடுப்பளவு நீரில் நிற்பார்கள். பனி உருகி ஓடும் குளிர்ந்த ஆற்றுக்கு ஏற்ற உடை அது. நம் ஆறுகளுக்கு அது தேவையில்லை. வெயிலில் வியர்த்துக் களைத்துப் போவீர்கள். தவறி விழுந்து அதற்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் எழுந்து நடப்பதும் கடினம். நம் ஊரில் நனைவதற்குத் தயாராகப் போவதே முறை.

நனைந்தால் விரைவில் காயும் மெல்லிய துணியில் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போதும். விளையாட்டு உடைக் கடைகளில் கிடைக்கும். ஜீன்ஸ் வேண்டாம். நனைந்த ஜீன்ஸ் கனக்கும், காய நாளாகும், தொடையை உரசிப் புண்ணாக்கும். முழுக்கைச் சட்டை வெயிலையும் கொசுவையும் ஒருசேரத் தடுக்கும். தொப்பிக்குத் தாடைக்கயிறு இருக்கட்டும், ஓடும் படகில் காற்று பறித்துக்கொண்டு போய்விடும். ஒளிக்கூச்சம் தடுக்கும் போலராய்ட் கண்ணாடி அழகுக்காக அல்ல. நீருக்கடியில் உள்ள பாறையும் மீனும் தெரிய அது உதவும். பக்கத்தில் இருப்பவர் வீசும் தூண்டில் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும்.

காலுக்கு என்ன போடுவது? சிலிப்பர் கூடவே கூடாது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால், பாசி படிந்த கல்லின்மேல் வெறுங்காலோடு நிற்பீர்கள். விலை உயர்ந்த தோல் காலணியும் வேண்டாம். நம் பெற்றோர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போட்டுக்கொண்டு போனார்களே, அந்தக் கறுப்பு ரப்பர் காலணி இதற்கு மிகப் பொருத்தம். இளைஞர்கள் வேடிக்கையாக 'அடிடாஸ் கம்போங்' என்பார்கள். விலை குறைவு. தண்ணீரை உறிஞ்சாது. ஈர மண்ணில் நன்றாகப் பிடிக்கும். மலையேறுகிறவர்களும் அதைத்தான் விரும்பிப் போடுகிறார்கள். உள்ளே, முழங்கால்வரை வரும் நெருக்கமான துணி அட்டை உறையைக் காற்சட்டைக்கு மேலாக இழுத்துக் கட்டிக்கொண்டால் அட்டை உள்ளே நுழையாது. கடித்துவிட்டாலும் அஞ்ச வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால்தான் காயம் சற்று நேரம் கசிகிறது. விரல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, கழுவி, அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

இன்னொரு முழு மாற்றுடையைத் தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள். விடியற்காலையில் படகு ஓடும்போது வீசும் காற்றுக்கு மெல்லிய மழைச்சட்டை ஒன்று வேண்டும். அடையாள அட்டை, உரிமச் சீட்டு, மருந்து மூன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். படகு கவிழ்ந்தால் பை ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம்.

மிதவைச் சட்டையும் உடையில் சேர்ந்ததுதான். அதை உட்காரும் மெத்தையாகப் பயன்படுத்துகிறவர்களை எல்லாப் படகிலும் பார்க்கலாம். அணிந்து, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வாரை இறுக்கிய பிறகு நண்பர் ஒருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதுக்கு மேலே ஏறினால் அளவு சரியில்லை, வேறொன்று கேளுங்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் அது தேவை. பாறையில் தலை மோதி மயங்கியவருக்கு நீச்சல் உதவாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனத்திற்கு

நாட்டின் சுகாதார ஆய்வுகளில் நம் சமூகத்தினரிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகமாகவே காணப்பட்டு வருகிறது. தூண்டில் பிடிக்கக் கிளம்புகிறவர்களில் பலர் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆகவே இதை வெளிப்படையாகப் பேசுவது நல்லது.

2010ஆம் ஆண்டு பகாங் மாரான் வட்டாரத்தில் உள்ள லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடும் பணி நடந்தது. அப்பணியில் ஈடுபட்டோர் சிலர் சில நாள்களில் கடுங்காய்ச்சலில் விழுந்து உயிரிழந்தார்கள். எலியின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோடோசிஸ் ஆகிய இரு நோய்களும் அங்கே கண்டறியப்பட்டன. இந்தக் கிருமிகள் தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகும். நீரிழிவு உள்ளவர்களை மெலியோடோசிஸ் எளிதில் தாக்குகிறது, தாக்கினால் கடுமையாகிறது.

இதற்காக ஆற்றுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லவில்லை. காலில் ஆறாத புண் இருந்தால் இந்த முறை பயணத்தைத் தவிருங்கள். சிறு கீறல் என்றால் தண்ணீர் புகாத கட்டுப் போடுங்கள். ஆற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். ஒவ்வொரு மாலையும் காலணியைக் கழற்றி, கால்களைச் சுத்தமான நீரில் கழுவி, துடைத்து, விரல் இடுக்குகளைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தியிருப்பது தெரியாமலே போகலாம். மருந்து உண்கிறவர்கள் வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். மீன் கடிக்கும் மும்முரத்தில் மதிய உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை இறங்கிவிடும். சட்டைப் பையில் நான்கு இனிப்பு மிட்டாய் இருக்கட்டும். உங்களுக்கு நோய் இருப்பதை வழிகாட்டியிடமும் உடன் வருகிற ஒருவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கடுமையான உடல்வலியோ வந்தால், "நான் காட்டாற்றில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் முதல் வேலையாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம் சரியான இரத்தப் பரிசோதனைக்கு வழிகாட்டும்.

மதுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகிலும் ஆற்றோரத்திலும் அது வேண்டவே வேண்டாம். வழுக்கும் கல், ஓடும் நீர், இருட்டு ஆகிய மூன்றோடு நான்காவதாகப் போதையைச் சேர்த்தால் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஆறு முன்கூட்டியே சொல்லும்

நம் காட்டாறுகளில் மிக ஆபத்தானது 'கெப்பாலா ஆயர்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் திடீர்ப் பெருக்கு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை ஒரே மூச்சில் இறங்கி வரும். 2021 ஆகஸ்டு மாதம் கெடாவின் ஜெராய் மலை அடிவாரத்தில் இப்படி வந்த வெள்ளம் உயிர்களைப் பறித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் தெம்பிலிங் ஆறு கரைபுரண்டு கோல தஹானையே உலுக்கியது. நவம்பர் தொடங்கி மார்ச்சுவரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அந்நாள்களில் கிழக்குப் பகுதி ஆறுகளுக்குப் போகத் திட்டமிடாதீர்கள்.

மற்ற மாதங்களிலும் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருங்கள். தெளிந்த நீர் திடீரெனத் தேத்தண்ணீர் நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது, சற்றுமுன் தெரிந்த கல் நீருக்குள் மறைவது ஆகியவை ஆறு தரும் அறிகுறிகள். ஒன்றைக் கண்டாலும் தூண்டிலையும் பையையும் விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றின் நடுவே உள்ள மணல் திட்டில் கூடாரம் அடிக்காதீர்கள். ஆற்றின் மேற்பகுதியில் கைத்தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்காத இடங்கள் உண்டு. எந்த ஆறு, எந்த வழிகாட்டி, எந்த நாள் எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதை எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். நேரம் கடந்தும் தகவல் இல்லையென்றால் அவர்கள் 999ஐ அழைக்கும்போது அந்தத் தாள்தான் உதவும்.

பிடித்த மீனை என்ன செய்வது?

இந்த ஆறுகளில் எல்லாரும் தேடிப் போவது கெலாவை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காவிரியில் வாழும் மாசீர் மீனுக்கு நெருங்கிய உறவு. ஆற்றோர அத்திப்பழம் தின்று பழகியது என்பதால் செம்பனைப் பழத்தை இரையாகப் போட்டால் வந்து கடிக்கும். செபராவ் மீன் வேறு வகை. அது வேட்டையாடி உண்பதால் பளபளக்கும் செயற்கை இரையைத் துரத்தும். எதற்கு எந்தக் கயிறு, எந்த முள் என்பதை வழிகாட்டியே சொல்லிவிடுவார்.

கெலா மெதுவாக வளரும் மீன். தெளிந்து ஓடும் நீரில்தான் வாழும். காடு அழிந்து சேறு கலந்தால் அதற்கு வாழ்வில்லை. உணவகத்தில் கிலோ நூற்றுக்கணக்கான ரிங்கிட்டுக்கு விற்பதால் திருட்டுத்தனமாகப் பிடிப்போரும் உண்டு. எனவே, எடுத்துச் செல்ல அனுமதி இருந்தாலும் விட்டுவிடுவதே மேல். முள்ளின் கொடுக்கைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை மீனின் மேல்பூச்சைக் கெடுக்கும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். நீருக்கு வெளியே ஒரு படம் எடுக்கும் நேரம் போதும். பிறகு நீரோட்டத்தை நோக்கி அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். தானே உதறிக்கொண்டு போகும்வரை விடாதீர்கள்.

"வெறுங்கையோடு வந்தால் வீட்டில் சிரிப்பார்களே" என்று நினைக்கிறீர்களா? குழம்புக்கு மீன் சந்தையில் கிடைக்கும். அந்த ஆற்றில் மீன் இருந்தால்தான் உங்கள் பிள்ளை நாளை தன் பிள்ளையை அங்கே அழைத்துப் போக முடியும். படகுக்காரரின் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

நேயர்களே, அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது ஒரு வாரத்துக்கு முன்பே ஒரு மாலை நண்பர்கள் எல்லாரும் கூடி உட்காருங்கள். யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு என்ன மருந்து, பெர்மிட் யார் பெயரில், காலணி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். ஒரு மணி நேர வேலைதான். அந்தத் தாளின் ஒரு படியை வழிகாட்டியின் கையில் கொடுங்கள். ஆற்றை அறிந்தவருக்கு உங்களையும் தெரிந்துவிட்டால், பிறகு அவர் நிச்சயமாகப் பார்த்துக்கொள்வார்.

பயணம் இனிதாகட்டும்.